கிரெடிட் கார்டை மூட முடியவில்லையா? எங்கே சிக்குகிறது என்று பார்த்து எடுப்போம்

வருமான வரிக் கணக்கு கொடுக்கத்தான் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். அந்த வேலை முடிந்து எழுந்திருக்கும்போது, "சார், இந்தக் கார்டை க்ளோஸ் பண்ணச் சொல்லி மாசக்கணக்கா அலையறேன்" என்று ஒரு ஸ்டேட்மென்ட்டை எடுத்து நீட்டுவார்கள். வங்கி ஆளுக்கு ஆள் மாறும். சிக்கும் இடங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அவையேதான். அதனால் உங்களுக்கு என்ன பதில் வந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு விதி. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது இது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி நீங்கள் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அந்தத் தாமதக் கணக்கில் ஞாயிறும் பண்டிகை நாளும் சேரும். இந்த விதி உங்களுக்குக் கைகொடுக்க இரண்டு விஷயம் வேண்டும்: பாக்கி சுத்தமாகப் பூஜ்யம், கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம். முதலில் பூஜ்யம், அப்புறம் கோரிக்கை. இந்த வரிசை மாறிப்போனதால்தான் பெரும்பாலான கார்டுகள் இழுத்துக்கொண்டே கிடக்கின்றன.

## "பாக்கி இருக்கிறது, மூட முடியாது" என்கிறார்கள்

அதிகம் வருவது இதுதான். "பில்லை முழுசா கட்டிட்டேனே" என்பார்கள். கட்டியிருப்பார்கள், உண்மைதான். ஆனால் பில் என்பது ஒரு தேதி வரைக்குமான கணக்கு. அதற்குப் பிறகு ஏறியது அதில் இருக்காது.

பில்லில் ஏறாத செலவு. ஆப்பைத் திறந்து, கடைசி பில் தொகையை விட்டுவிட்டு, இன்றைய தேதிக்கு மொத்த பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். பில் தேதிக்குப் பிறகு போட்ட பெட்ரோலும் அதற்கான சர்சார்ஜும் அங்கேதான் தெரியும்.

சில்லறை பாக்கி. 46 காசு பாக்கி நின்றாலும் கம்ப்யூட்டர் கார்டை மூட விடாது. ஒரு ரூபாயாகக் கட்டிவிடுங்கள். கூடுதலாகப் போனது எங்கேயும் போகாது, கார்டு மூடும்போது திரும்பி வரும்.

பின்னால் வரும் வட்டி. முந்தைய மாதம் மினிமம் மட்டும் கட்டியிருந்தால் இதை எதிர்பாருங்கள். 1-ஆம் தேதி பில் போடுகிறார்கள், நீங்கள் 18-ஆம் தேதி முழுத் தொகையையும் கட்டுகிறீர்கள். இடையில் உள்ள அந்த நாட்களுக்கான வட்டி, ஜிஎஸ்டியோடு சேர்ந்து அடுத்த பில்லில்தான் வரும். ஆப்பில் இன்று பூஜ்யம் காட்டினாலும் அடுத்த மாதம் சில நூறு ரூபாய் முளைக்கும். கஸ்டமர் கேரில், "இன்றைய தேதிக்குக் கார்டை மூட மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், வட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்லவில்லை என்றால் இன்னொரு பில் வரும்வரை பொறுப்பதே நல்லது. இந்த ஒரு மாதப் பொறுமை பின்னால் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

தவணை. பலர் கவனிக்காமல் விடுவது இது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 36,000 ரூபாய் போனை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் 12 தவணையாக மாற்றினால் மாதம் 3,249 ரூபாய் வரும். ஏழு தவணை கட்டியாகிவிட்டது என்று வையுங்கள். பில்லின் முதல் பக்கத்தில் "மொத்த பாக்கி" என்ற இடத்தில் அந்த மாதத்து 3,249 மட்டும் இருக்கும். அதைக் கட்டினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். பின்பக்கங்களைப் புரட்டினால் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்: தவணை விவரம், மீதமுள்ள அசல் 15,650 ரூபாய்ச் சொச்சம். கார்டை மறிப்பது அந்தக் கட்டம்தான்.

முன்கூட்டியே அடைக்க வங்கி 3 சதவீதம் கேட்கிறது என்றால், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கிட்டத்தட்ட 16,210 ரூபாய் ஆகும். அடைக்காமல் ஐந்து மாதம் ஓட்டினால், வட்டியின் மேல் வரும் ஜிஎஸ்டியோடு 16,350 பக்கம் வரும். வித்தியாசம் 150 ரூபாய்கூட இல்லை. கார்டு சீக்கிரம் ஒழிய வேண்டும் என்றால் அடைத்துவிடுங்கள். கையில் பணம் இல்லையென்றால் தவணை முடியட்டும், அதுவரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். உங்கள் வங்கியின் கட்டணம் வேறாக இருக்கும். இரண்டு வழிக்கும் தொகை கேட்டு எழுதி வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கார்டின் பேரில் வாங்கிய கடன். போனில் கூப்பிட்டு "உங்கள் கார்டுக்குக் கடன் ஒப்புதல் ஆகியிருக்கிறது" என்று சொல்லிப் பணம் போட்டிருப்பார்கள். அதற்குத் தனிக் கணக்கு எண் இருக்கும், கார்டு பாக்கியில் முழுத் தொகையும் தெரியாது. அது முடியாமல் கார்டு மூடாது.

திரும்ப வர வேண்டிய பணம், தகராறில் உள்ள செலவு. பொருளைத் திருப்பிக் கொடுத்து ரீஃபண்டு வரவேண்டியிருந்தால், அது வந்து சேர்ந்த பிறகே கோரிக்கை கொடுங்கள். மூடிய கார்டுக்கு வரும் பணத்தைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை.

இவ்வளவும் பார்த்த பிறகும் "பாக்கி" என்றால், என்ன செலவு, எந்தத் தேதி, எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லும் தொகையை நம்பிக் கட்ட வேண்டாம்.

## பாக்கி இல்லை, ஆனால் கோரிக்கையையே பதிவு செய்ய மாட்டேன் என்கிறார்கள்

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "மூடணும்" என்றதும் வேறொரு பிரிவுக்கு மாற்றுவார்கள். வாடிக்கையாளரைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. ஆண்டுக் கட்டணம் இல்லை, லைஃப் டைம் ஃப்ரீ, லிமிட்டை ஏற்றித் தருகிறோம் என்று அடுக்குவார்கள். நீங்கள் மரியாதைக்கு "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்றால் அதோடு கோரிக்கை கைவிடப்பட்டது என்று அர்த்தம். "மூடுவதென்று முடிவு செய்துவிட்டேன், சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண் சொல்லுங்கள்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எண் கிடைக்கும்வரை போனை வைக்காதீர்கள். அந்தப் பக்கம் பேசுகிற பிள்ளைக்கும் இலக்கு கொடுத்திருப்பார்கள், அவரிடம் கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை.

"கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள்", "கிளைக்கு நேரில் வந்தால்தான்" என்றும் சொல்வார்கள். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று அதே 2022 விதியில் இருக்கிறது. ஹெல்ப்லைன், தனி மின்னஞ்சல், இணையதளத்தில் கண்ணில் படும்படி ஒரு இணைப்பு, நெட் பேங்கிங், ஆப் என்று பல வழிகளில் கோரிக்கை கொடுக்க வசதி செய்து தர வேண்டும் என்றும் இருக்கிறது.

போனில் கேட்டிருந்தாலும் சரி, ஆப்பில் கேட்டிருந்தாலும் சரி, அன்றே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். நாங்கள் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

"கடைசி நான்கு எண்கள் இன்னவையாக உள்ள என் கிரெடிட் கார்டு கணக்கையும், அதோடு சேர்ந்த ஆட்-ஆன் கார்டுகளையும் நிரந்தரமாக மூடக் கோருகிறேன். இன்றைய தேதியில் பாக்கி ஏதும் இல்லை. திரை நகல் இணைத்துள்ளேன். சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண் இது. ரிசர்வ் வங்கி விதிப்படி 7 வேலை நாட்களுக்குள் மூடி, மூடியதற்கான உறுதிக் கடிதமும் பாக்கி இல்லைச் சான்றும் அனுப்பவும். கணக்கில் என் பணம் மீதமிருந்தால் இந்த வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

ஆட்-ஆன் என்பது உங்கள் கணக்கிலேயே குடும்பத்தாருக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டு. வங்கியில் பதிவான மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். முழுக் கார்டு எண்ணை எழுதக் கூடாது. பின்பக்கத்து மூன்று எண்களைக் கட்டாயம் எழுதக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். கார்டின் பின்புறம் அச்சடித்த எண், அல்லது வங்கியின் சொந்த ஆப்பில் உள்ள எண் மட்டும் போதும். தேடலில் வரும் போலி எண்ணில் பேசுகிறவர், கார்டை மூடித் தருகிறேன் என்று சொல்லியே ஸ்க்ரீன் ஷேர் ஆப்பைப் போட வைத்து ஓடிபியை வாங்கிவிடுவார். அப்படிப் பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

## ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர்களிடம் இது அதிகம். ஊரில் வைத்திருந்த சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப் போயிருக்கும், அந்த நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும். முதலில் நம்பரை மாற்றாமல் எதுவும் நகராது. அதே வங்கியில் சேமிப்புக் கணக்கும் இருந்தால் அதில் நம்பரை மாற்றுவது சுலபம், ஆனால் கார்டுக்குத் தனியாக மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியா வரும்போது ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போவதே குறுக்கு வழி. வர முடியாதவர்கள் பதிவான மின்னஞ்சலிலிருந்து எழுதி, வேறு எப்படி அடையாளம் சரிபார்ப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

## 7 வேலை நாள் தாண்டியும் சத்தமே இல்லை

முதலில் வந்த எஸ்எம்எஸ்ஸைத் திரும்பப் படியுங்கள். "உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது" என்று வந்திருக்கும். முடிந்தது கோரிக்கையா, கார்டா? பல நேரம் "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதிக் கோரிக்கையை மட்டும் முடித்திருப்பார்கள். கார்டு உயிரோடுதான் இருக்கும். "கார்டு கணக்கு மூடப்பட்டது" என்று கடைசி நான்கு எண்களோடு வரும் செய்தி வேறு. அதுதான் நமக்கு வேண்டும்.

கார்டு மூடவில்லை என்று உறுதியானால் நாளை எண்ணுங்கள். கோரிக்கை கொடுத்த நாளிலிருந்து 7 வேலை நாள் போக, இன்றுவரை 12 நாள் தாமதம் என்றால் 6,000 ரூபாய். அதே மின்னஞ்சல் தொடரில் அந்தக் கணக்கை எழுதி, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும் நோடல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர்கள் முகவரி வங்கியின் இணையதளத்தில் இருக்கும். 500 ரூபாய்க் கணக்கைத் தேதியோடு எழுதிய பிறகு அசையாத கோப்பு குறைவு. தானாகவே அந்தப் பணத்தைத் தருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கேட்டால்தான் வரும்.

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்). சிஎம்எஸ் என்ற தளத்தில் ஆன்லைனில் பதியலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் பதிவது என்று கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது.

## மூடிவிட்டார்கள், ஆனாலும் பில் வருகிறது

பிளாக் செய்ததை மூடியதாக நினைத்திருப்பது. கார்டு தொலைந்தபோது பிளாக் செய்திருப்பார்கள், அல்லது கத்தரியால் வெட்டிப் போட்டிருப்பார்கள். பிளாக் செய்தால் அந்தப் பிளாஸ்டிக் மட்டும்தான் நிற்கும், கணக்கு நிற்காது. புது எண்ணில் மாற்றுக் கார்டு அச்சாகி, ஆண்டுக் கட்டணமும் ஏறும்.

மாதாமாதம் தானாகப் போகும் பணம். ஓடிடி சந்தா, இன்சூரன்ஸ் பிரீமியம், ஃபாஸ்டேக் ரீசார்ஜ், மொபைல் பில். கோரிக்கை கொடுப்பதற்கு முன்பே ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள், வேறு கார்டுக்கு மாற்றுங்கள். இன்சூரன்ஸில் தனிக் கவனம் வேண்டும்: கார்டு மூடியதால் பிரீமியம் போகாமல் பாலிசி காலாவதியாகி, ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போதுதான் தெரியவரும் நிலை வரக் கூடாது. யுபிஐயில் ரூபே கார்டை இணைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: சேமிப்புக் கணக்கிலிருந்து கார்டு பில்லுக்குத் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு. கார்டு மூடிய உறுதி வந்த பிறகு அதை ரத்து செய்யுங்கள், முன்னால் செய்ய வேண்டாம்.

கட்டணம். கோரிக்கை கொடுத்த தேதிக்குப் பிறகு ஆண்டுக் கட்டணம் போட்டிருந்தால், தேதியைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள்.

வந்த பில் 200 ரூபாய்தானே என்று கிழித்துப் போடாதீர்கள். அதன் மேல் தாமதக் கட்டணம், வட்டி, ஜிஎஸ்டி என்று ஏறி, கட்டாத கடனாக சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனத்தின் அறிக்கையில், போய் உட்காரும். உங்கள் செலவுதான் என்றால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் பில் வந்த வாரத்திலேயே எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

வசூல் ஆட்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டால், மூடிய கடிதத்தை வங்கிக்கு மறுபடி அனுப்பி, வசூல் பிரிவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அவர்கள் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. நேரம் தெரியும்படி அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள்.

## என் பணம் அவர்களிடம் நிற்கிறது

கூடுதலாகக் கட்டியதோ ரீஃபண்டோ மீதமிருந்தால், கார்டு மூடிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. கணக்கு எண் இல்லையென்றால் அவர்களே கேட்டு வாங்க வேண்டும். ரிவார்டு பாயின்ட் அப்படியல்ல, கார்டோடு போய்விடும். முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

எஃப்டியை அடமானமாக வைத்து எடுத்த கார்டு என்றால், கார்டு மூடியதும் எஃப்டி மேல் உள்ள லீனை (பணத்தை எடுக்க விடாமல் வங்கி போட்ட பிடிப்பை) நீக்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். லீன் நின்றுவிட்டால் முதிர்வு நாளில் பணத்தை எடுக்க முடியாது.

## சிபிலில் இன்னும் "ஆக்டிவ்" என்றே காட்டுகிறது

மூடிய மறுநாள் பார்த்துப் பதற வேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள். சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அடுத்து வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர்கள் நான்கையும் பார்த்துவிடுவது நல்லது, எந்த வங்கி எதைப் பார்க்கும் என்று நமக்குத் தெரியாது.

தவறாக இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே டிஸ்ப்யூட் போடலாம், மூடிய கடிதத்தோடு வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது.

"க்ளோஸ்டு" என்பதற்குப் பதில் "செட்டில்டு" என்று இருந்தால் விஷயம் வேறு. எப்போதோ குறைந்த தொகைக்குப் பேசி முடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அடுத்து கடன் கொடுப்பவர் தயங்குவார். தள்ளுபடி செய்த மீதியைக் கட்டி "க்ளோஸ்டு" ஆக்க முடியுமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டும் முன்பே அந்த ஒப்புதல் கையில் வந்துவிட வேண்டும்.

நீங்கள் வாங்கவே வாங்காத கார்டு அறிக்கையில் இருந்தால் அது மூடும் பிரச்சினையே அல்ல. உடனே வங்கிக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் கொடுங்கள்.

## கேட்காமல் வந்த கார்டு, உறையே பிரிக்காத கார்டு

30 நாளுக்கு மேல் ஆக்டிவேட் செய்யாத கார்டுக்கு ஓடிபி வழியாக உங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் கட்டணமில்லாமல் மூட வேண்டும். அதனால் அந்த ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சம்மதம் இல்லாமல் கார்டு கொடுத்துக் கட்டணமும் போட்டிருந்தால், அதை நீக்குவதோடு அந்தத் தொகையின் இரு மடங்கை அபராதமாக உங்களுக்குத் தர வேண்டும்.

## கார்டு வைத்திருந்தவர் காலமாகிவிட்டார்

முதல் வேலை ஆட்-ஆன் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துவது. அப்புறம் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்கு எழுதி, அந்தத் தேதிக்கு பாக்கி எவ்வளவு, கார்டோடு சேர்ந்த இன்சூரன்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் இந்தக் கடனை வசூலிக்க முடியும், பிள்ளைகள் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயமில்லை. துக்க வீட்டில் யாராவது வந்து "நான் பொறுப்பேற்கிறேன்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

## எப்போது வக்கீலிடம் போக வேண்டும்

ஒம்புட்ஸ்மேனுக்கு வக்கீல் தேவையில்லை. வக்கீல் வழியாகக் கொடுத்தால் ஏற்கவும் மாட்டார்கள், நீங்களே கொடுக்க வேண்டும். கோர்ட்டில் ஏற்கெனவே நடக்கும் விவகாரத்தையும் எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் ஒம்புட்ஸ்மேன், அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நேராக வக்கீலிடம் போக வேண்டிய இடங்களும் உண்டு. உங்கள் பெயரில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரிப்பது) நோட்டீஸ் அல்லது கோர்ட் சம்மன் வந்துவிட்டது. பாக்கியைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் (வங்கிகளின் வாராக்கடனை வாங்கி வசூலிக்கும் நிறுவனம்) ஒன்றுக்கு விற்றுவிட்டோம் என்கிறார்கள். லட்சக்கணக்கில் செட்டில்மென்ட் பேசப் போகிறீர்கள். இந்த மூன்றிலும் நீங்களே பதில் எழுதாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக ஒரு வரி விழுந்தாலும் அதைத் திருத்துவது கஷ்டம்.

போகும்போது கடைசி மூன்று ஸ்டேட்மென்ட், முழு மின்னஞ்சல் தொடர், சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண்கள், பணம் கட்டிய ரசீது, சிபில் அறிக்கை ஆகியவற்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த கவரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்கு அதிலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி, பதில் சொல்லும் கெடுவை வக்கீல் அதிலிருந்துதான் எண்ணுவார்.